கேன்அசிஸ்ட் ப்ரெஸ்ட் டெஸ்ட்: கீமோ வேணுமா வேணாமான்னு குழம்பி நிக்கிறவங்க படிங்க

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்சு வந்த ரிப்போர்ட்ல ஈஆர், பிஆர் பாசிட்டிவ் (அதாவது ஹார்மோனால வளர்ற கட்டி), ஹெர்டூ நெகட்டிவ் (ஹெர்டூங்கற புரோட்டீன் அதிகமா இல்ல), கிரேடு 2 (வீரியம் நடுத்தரம்), அக்குள் நோடுல (நெணநீர் முடிச்சுல) எதுவும் இல்ல. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்த மாதிரி ரிப்போர்ட்லதான் இழுபறியே. கீமோ யாருக்கு உண்மையிலேயே உதவும், யாரு சும்மா முடி கொட்டி வாய்ப்புண்ணு வந்து கஷ்டப்படப்போறாங்கன்னு இத மட்டும் வச்சு சொல்ல முடியாது, அதனால "எதுக்கும் போட்டுடலாம்"னு பல இடத்துல போட்டுடுவாங்க. எங்க டாக்டர் அப்படி பண்ணாம இந்த டெஸ்ட்ட சொன்னாரு.

இத பண்றது பெங்களூர்ல ஆன்கோஸ்டெம்னு ஒரு கம்பெனி, 2011ல டாக்டர் மஞ்சிரி பாக்ரே ஆரம்பிச்சது. இதுல ஏஐ இருக்குன்னதும் நான் கம்ப்யூட்டர் ஸ்கேன பாத்து சொல்லும்னு நெனச்சேன், இது அப்படி இல்ல. ஆபரேஷன்ல எடுத்த கட்டிய மெழுகுல பதிச்சு ப்ளாக்கா வச்சிருப்பாங்கல்ல, அதுல மெலிசா சீவி அஞ்சு புரோட்டீன் எவ்ளோ இருக்குன்னு சாயம் போட்டு பாக்குறாங்க: சிடி44, ஏபிசிசி4, ஏபிசிசி11, என்-கெட்ஹெரின், பேன்-கெட்ஹெரின். இதுல அந்த ஏபிசிசி ரெண்டும் மருந்த செல்லுக்குள்ள தங்க விடாம வெளிய தள்ளுற வகை, கெட்ஹெரின் செல்லுங்க ஒட்டிக்கிறது, நகர்றது சம்பந்தப்பட்டது. அந்த அளவுகளோட கட்டி சைஸ், கிரேடு, நோடு மூணையும் சேத்து மெஷின் லேர்னிங் அல்காரிதம் 1லேருந்து 100க்குள்ள ஒரு ஸ்கோர் குடுக்குது. 15.5 வரைக்கும் லோ ரிஸ்க், அதுக்கு மேல ஹை ரிஸ்க், நடுவுல ஒண்ணும் கிடையாது. அஞ்சு வருஷத்துக்குள்ள உடம்புல வேற எடத்துக்கு பரவுற வாய்ப்பத்தான் அந்த நம்பர் சொல்லுது.

அக்காவுக்கு லோ ரிஸ்க். டாக்டர் ரிப்போர்ட்ட மேஜைல விரிச்சு வச்சு அந்த கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு பேனாவால காமிச்சப்போ அக்கா முகம் தெளிஞ்சத பாத்தேன், அதுக்கே இந்த டெஸ்ட்டுக்கு நன்றி சொல்லணும். கீமோ இல்லாம ரேடியேஷன், லெட்ரோசோல்ங்கற ஹார்மோன் சிகிச்சை மாத்திரைன்னு முடிவாச்சு. ஒண்ணு கவனமா வச்சுக்கோங்க, ஹார்மோன் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுவாங்கன்னு வச்சுத்தான் அந்த ஸ்கோரே, லோ ரிஸ்க்னு மாத்திரைய விட்டுடாதீங்க ப்ளீஸ்.

கொறையும் சொல்லிடுறேன். இதே மாதிரி டெஸ்ட்டான அமெரிக்காவோட ஆன்கோடைப் டிஎக்ஸ் 21 ஜீன் பாக்குது, அதுக்கு பின்னாடி 10,000க்கு மேல பெண்கள வச்சு நடத்தின டெய்லர்எக்ஸ் டிரையல் இருக்கு, 2018ல முடிவு வந்துச்சு. கேன்அசிஸ்ட்ட பெரும்பாலும் ஏற்கனவே ட்ரீட்மென்ட் முடிஞ்சவங்க சாம்பிள்லதான் சரிபாத்திருக்காங்க, அந்த அளவு டிரையல் இதுக்கும் வரணும்னு ஆசையா இருக்கு. ஆனா ஆன்கோடைப்புக்கு சாம்பிள் வெளிநாடு போகணும், செலவு லட்சக்கணக்குல, எங்கள மாதிரி குடும்பத்துக்கு அது நடக்குற காரியமா? இது இந்தியப் பெண்கள் சாம்பிள வச்சு உருவாக்கினதுங்கறதும் எனக்கு முக்கியமா பட்டுச்சு. இன்னொரு வருத்தம், ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ். அக்காவால தானா படிச்சு புரிஞ்சுக்க முடியல, தமிழ்ல ஒரு பக்கம் சேத்தா எவ்ளோ நல்லா இருக்கும்.

இது எல்லாருக்கும் இல்லங்க. ஸ்டேஜ் 1, 2, ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்டூ நெகட்டிவ் இருக்கறவங்களுக்குத்தான். ட்ரிப்பிள் நெகட்டிவ் (ஈஆர், பிஆர், ஹெர்டூ மூணுமே நெகட்டிவ்), ஹெர்டூ பாசிட்டிவ்காரங்க இத தேடி அலைய வேணாம், அவங்க வைத்தியமே வேற.

என்னோட ரேட்டிங் 5க்கு 4. எங்களுக்கு டெஸ்ட்ட விட ப்ளாக் கையில வாங்குறதுதான் பாடா இருந்துச்சு, ஆபரேஷன் நடந்த எடத்து லேப்ல லெட்டர் வேணும், சீல் வேணும்னு அலைய விட்டாங்க. அதனால டிஸ்சார்ஜ் அன்னைக்கே டாக்டர்கிட்ட ப்ளாக் ரிலீஸ் லெட்டர் கேட்டு வாங்கிடுங்க, பேஷன்ட் ஐடி ப்ரூஃப் காப்பியும் ஒண்ணு கூட வச்சுக்கோங்க.