டெலிகிராமில் வரும் ரம்மிச் செயலி: கம்பம், கூடலூர் பக்கத்தவர்களுக்கு எச்சரிக்கை

1,86,000 ரூபாய் போய்விட்டது. என் தம்பி, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்பை ஓட்டுகிறான். காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் மாலை வரை வண்டியிலேயே காத்துக் கிடக்க வேண்டிய தொழில் அது. அப்படிக் கிடந்த வேளையில்தான் ஒரு டெலிகிராம் குழுவின் வழியே இந்தச் செயலி அவன் போனுக்கு வந்தது.

500 ரூபாய் கட்டி ஆடியவனுக்கு 1,200 ரூபாய் வென்றதாகக் காட்டி, அதைச் சில நிமிடங்களில் வங்கிக் கணக்கிலும் போட்டார்கள். வங்கியின் குறுஞ்செய்தியை என்னிடம் நீட்டி, "கேட்டவுடனே குடுத்துட்டான் பாருங்கண்ணே" என்றான். அந்தக் குறுஞ்செய்திதான் தூண்டில். அதன் பிறகு ஒரே ஒரு கார்டில் ஆட்டம் கைநழுவியதாகக் காட்டுவார்கள். விட்டதைப் பிடிக்க இவன் பின்னிரவு வரை விழித்திருந்து மேலும் கட்டுவான். ஜீப்பின் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வைத்திருந்த பணமும், ஏலச்சீட்டு எடுத்த பணமும், கடன் செயலிகளில் வாங்கியதும் அதில் போயின. கேரளத்தில் ரம்மிக்குத் தடையில்லை, மலையேறி ஆடினால் தப்பில்லை என்று குழு நிர்வாகி தைரியம் சொல்லியிருக்கிறான். கேரள அரசின் தடை அறிவிப்பை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது உண்மைதான். ஆனால் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியதை அவன் சொல்லவில்லை.

திரையில் 2,40,000 ரூபாய் இருப்பு காட்டியபோது எடுக்கப் போனால், 30 சதவீத வரியை முன்கூட்டிக் கட்டச் சொன்னார்கள். 72,000 ரூபாய் கட்டினான். வென்ற தொகைக்கான வரி, கொடுக்கும்போதே பிடித்தம் செய்யப்படுவது. அதைத் தனியாக அனுப்பச் சொல்பவன் திருடன். பிறகு சரிபார்ப்புக் கட்டணம் என்றார்கள். அதன் பின் எத்தனை முறை கேட்டாலும் "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது சார்" என்ற ஒரே பதில்தான். வங்கிக் கிளையிலோ, "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியதற்கு நாங்கள் என்ன செய்வது?" என்று கையை விரித்தார்கள்.

1,86,000 ரூபாயைவிடப் பெரியது அடுத்து வந்தது. கடன் செயலிக்காரர்கள் உறவினர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பத் தொடங்கியதும் அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். ஒரு நாள் இரவு, "நான் இல்லேன்னா உங்களையாவது விட்டுருவாங்கல்லண்ணே" என்றான். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். தலையசைத்து அழுதான். அப்போதே 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைத்துப் பேசவைத்தோம். மறுநாள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். சூதாட்ட அடிமைத்தனம் உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் உள்ள நோய் என்றும், கடனும் அவமானமும் தூக்கமின்மையும் சேரும்போது தற்கொலை எண்ணம் வலுக்கிறது என்றும், நேராகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது என்றும் மருத்துவர் விளக்கினார். இப்போது மாத்திரை எடுக்கிறான். யாராவது ஒருவர் எப்போதும் உடன் இருக்கிறோம்.

விரிவாக எழுத இப்போது மனநிலை இல்லை. பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தாமதித்தால் கணக்கை முடக்குவதற்குள் பணத்தை எடுத்துவிடுவார்கள். உரையாடல்களை அழிக்காதீர்கள். வீட்டில் யாராவது தான் பாரமாக இருப்பதாகப் பேசினால், பணக் கணக்குக் கேட்டுத் திட்டாமல் முதலில் 14416ஐ அழையுங்கள். இரவிலும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம்.