குனிந்தால் ஒரு டோன், நிமிர்ந்தால் ஒரு டோன்

"மாடலர் வாங்கிட்டேன், ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் எடுக்கலாமா?" என்று நண்பன் கேட்டான். மாடலர் என்பது கிட்டார் ஆம்ப், கேபினட், எஃபெக்ட் எல்லாவற்றையும் டிஜிட்டலில் போலச் செய்யும் கருவி; ஃபுல் ரேஞ்ச் என்றால் கீழ்ச் சத்தம் முதல் உச்சச் சத்தம் வரை எல்லாம் தரும் ஸ்பீக்கர். என் ஸ்பீக்கரில் உச்சச் சத்தத்தைத் தரும் ஹார்னின் அதிரும் தகடு (டயஃப்ரம்) போய், மாற்றி வாங்கி வந்த சூட்டோடு இருந்தேன். அதனால் இதில் கோபம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

என்னுடையது கீழும் நடுவும் தரும் 12 அங்குல வூஃபர், அதன் மேலே தனியாக ஒரு ஹார்ன், உள்ளேயே ஆம்ப். வாட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் பீக் கணக்கு, அதாவது கணநேர உச்சம். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான்.

என் தீராத எரிச்சல் அந்த ஹார்ன். வழக்கமான கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததுமே மடமடவென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பை அதுவே வடிகட்டிவிடுகிறது. ஃபுல் ரேஞ்சில் அந்த வேலையை ஐஆர், அதாவது கிட்டார் கேபினட்டின் ஒலியை மைக் வைத்து எடுத்த டிஜிட்டல் அச்சுதான் செய்ய வேண்டும். ஸ்பீக்கர் கோனின் நடுவில் மைக் வைத்து எடுத்த ஐஆர் என்றால், மிச்சமிருக்கும் கூர்மையை எல்லாம் ஹார்ன் காதில் கொட்டிவிடும். சரி, 6,000 பக்கத்துக்கு மேல் உள்ளதை வெட்டும் ஹை கட் வைத்து அதைச் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது வேறு. வூஃபரும் ஹார்னும் இரண்டு இடத்தில் இருக்கின்றன. வேலையை ஒன்றிடமிருந்து இன்னொன்று வாங்கிக்கொள்வது 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி. கிட்டாரின் கடி இருப்பதும் அங்கேதான்! பெட்டியைப் பின்னால் சாய்த்துப் பக்கத்தில் நின்று வாசிக்கிறேன். பெடலில் நாப் திருப்பக் குனிந்தால் ஒரு டோன், நிமிர்ந்தால் வேறு டோன். குனிந்து சரிசெய்த மிட் (நடுச் சத்தம்), நிமிர்ந்ததும் காணாமல் போகிறது. தள்ளி நின்றால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும். சின்ன ரிகர்சல் அறையில் எங்கே தள்ளிப் போவது? லோ, மிட், ஹையைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவாலும் இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் மாறுவது சிக்னல் இல்லை, காது இருக்கும் இடம்.

நியாயமாகப் பேசினால் எல்லாப் பழியும் பெட்டிக்கு இல்லை. தரையில் வைத்தால் லோ (கீழ்ச் சத்தம்) வீங்கத்தான் செய்யும். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் லோ கட் போட்டால் அடங்கும். கீழ் ஈ கம்பியே 82தான் என்பதால் 100ஐத் தாண்டி வெட்ட எனக்கு மனமில்லை. வீட்டில் மெதுவான வால்யூமில் செய்த பேட்ச் (மாடலரில் சேமித்த டோன் அமைப்பு) மேடையில் இடித்துக் குத்துவதும் காதின் இயல்பு. சத்தம் குறைவாக இருக்கும்போது லோவும் ஹையும் நமக்குக் குறைவாகத்தான் கேட்கும். பேட்சை வாசிக்கப்போகும் சத்தத்திலேயே செய்யுங்கள்.

அப்புறம் அந்த கிளீன் டோன். எதிரொலி எஃபெக்ட்டான டிலேயின் ஒவ்வொரு திரும்பலும் தனித்தனியாகத் தேய்ந்து அடங்குவதை இந்தப் பெட்டியில்தான் முழுசாகக் கேட்டேன். அடுத்த பாட்டுக்கு அக்கூஸ்டிக் வேண்டுமென்றால் பேட்சை மாற்றினால் போதும், கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்கும். கிட்டார் கேபினட்டில் அது போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். ஆனால் தொடையில் வந்து மோதும் கேபினட்டின் அந்தக் காற்று இந்தப் பெட்டியில் கிடையாது. ஐஆர் தருவது மைக் கேட்டதை, அறையில் நிற்பவன் கேட்டதை அல்ல.

நண்பனுக்கு நான் சொன்னது: ஹார்ன் தனியாக இருப்பது வேண்டவே வேண்டாம். வூஃபரின் நடுவிலேயே ஹார்ன் வரும் கோஆக்ஸியல் பார். கடையில் குனிந்தும் நிமிர்ந்தும் கேள். டிஸ்டார்ஷன் மட்டும்தான் வாசிப்பாய் என்றால் பவர் ஆம்பும் கிட்டார் கேபினட்டும் எடுத்து, ஐஆரை மட்டும் அணைத்துவிடு, அவ்வளவுதான்.

"அப்போ உன்னோடதை எனக்குக் கொடுத்துடேன்" என்றான். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.