பீரோவில் கிடக்கும் ஜனதா: சாவி கொடுக்கிற எச்.எம்.டி. வாட்சை இன்றைக்குக் கட்டலாமா?

பீரோ லாக்கரில் பழைய பாஸ்புக்குகள், பத்திர ஜெராக்ஸ், காலியான மோதிர டப்பா. இவற்றுக்கு நடுவே கைக்குட்டையில் சுற்றிய ஒரு எச்.எம்.டி. ஜனதா வாட்ச். தாத்தாவுடையதாக இருக்கும், இல்லையென்றால் அப்பா கல்யாணத்துக்குப் பெண் வீட்டில் போட்டதாக இருக்கும். எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினால் நாலைந்து விநாடி ஓடிவிட்டு நின்றுபோகும். "ஓவராகச் சாவி கொடுத்துட்டாங்க, போச்சு" என்று சொல்லித் திரும்பவும் சுற்றி வைத்துவிடுவார்கள்.

முதலில் இதைத் தெளிவுபடுத்திவிடலாம். ஓவராகச் சாவி கொடுத்து வாட்ச் கெட்டுப்போவது என்பது பெரும்பாலும் கட்டுக்கதை. ஸ்பிரிங் முழுசாக இறுகிய நிலையில் வாட்ச் நின்றிருக்கிறது என்றால், உள்ளே எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி ஆகிவிட்டது, சக்கரங்களை நகர்த்த ஸ்பிரிங்கின் பலம் போதவில்லை என்று அர்த்தம். பல வீடுகளில் 'ரிப்பேர்' என்று ஒதுக்கிவைத்த ஜனதாவில் எதுவுமே உடைந்திருக்காது. நல்ல கையில் ஒரு ஓவராயில், அதாவது பிரித்துக் கழுவி எண்ணெய் விடும் வேலை, போதும்.

வாட்சைப் பற்றிக் கொஞ்சம். 1953-இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் (எச்.எம்.டி.), ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961-இல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை ஆரம்பித்தது. ஜனதாவின் உள்ளே ஓடும் இயந்திரமும் அந்த ஜப்பானிய வழியில் வந்ததுதான். 17 கல் (சக்கர அச்சுகள் தேயாமல் சுழலப் பதித்த குட்டிக் கற்கள்), மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து 'டிக்'. தேதி கிடையாது, தானாகச் சாவி ஏறும் வசதி கிடையாது. விட்டம் சுமார் 35 மி.மீ. ஒரு ஷர்ட் கைக்குள் சத்தமில்லாமல் அடங்கிவிடும். அப்புறம் குவார்ட்ஸ் காலம் வந்தது. தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் ஒசூரிலிருந்து பேட்டரி வாட்சுகளைக் கொண்டுவந்தபோது, தினமும் சாவி கொடுக்கிற வாட்ச் பழசாகிவிட்டது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இதனால் நமக்கு என்ன? புது உதிரிபாகம் வருவது நின்றுவிட்டது. இன்று கடையில் போடுகிற பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் பெரும்பாலும் இன்னொரு செத்த எச்.எம்.டி.யிலிருந்து எடுத்ததுதான், அல்லது கடைக்காரர் டப்பாவில் சேர்த்து வைத்த பழைய இருப்பு. நல்லவேளையாக இவை ஏராளமாகத் தயாரானவை. அதே குடும்பத்து இயந்திரம் வேறு மாடல்களிலும் ஓடியது. அதனால் பாகம் கிடைக்காமல் ஒரு ஜனதா கைவிடப்படுவது அபூர்வம். கைதேர்ந்த ஆள் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம்.

ஓவராயிலுக்குக் கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். "முழுசாகப் பிரிப்பீங்களா?" "எத்தனை நாள் ஓட விட்டுப் பார்ப்பீங்க?" பதினைந்து நிமிஷத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இயந்திரத்தை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடுவதற்குத்தான் அந்த நேரம் போதும். அப்படிச் செய்தால் வாட்ச் உடனே ஓடும், கையில் வாங்கும்போது சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் கரைந்த அழுக்கு ஒவ்வொரு கல்லின் துளையிலும் போய் உட்கார்ந்துவிடும். சில மாதத்தில் மறுபடி நிற்கும், இந்த முறை அச்சு முனைகளும் தேய்ந்திருக்கும். முறையான வேலையில் கடைசிச் சக்கரம் வரை கழற்றி, தனித்தனியாகக் கழுவி, கல் துளைகளைக் கூர்சீவிய குச்சியால் துடைத்து, திரும்பப் பூட்டும்போது வேகமாகச் சுழலும் அச்சுகளுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுழல்வனவற்றுக்குக் கெட்டி எண்ணெய், மெயின் ஸ்பிரிங் டப்பாவுக்கும் சாவிப் பகுதிக்கும் கிரீஸ் என்று பார்த்துப் பார்த்து வைப்பார்கள். துடிப்பைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு பொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. பட்டால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாட்ச் தலைதெறிக்க ஓடும். வேலை முடிந்தபின் டயல் மேலே பார்த்தபடி, கீழே பார்த்தபடி, பக்கவாட்டில் நிற்க வைத்து என்று நாலைந்து நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆகவே ஒரு வாரம் கேட்பவரை நம்புங்கள்.

கடைக்குப் போகும் முன்பே வியாதியை ஓரளவு நீங்களே கண்டுபிடிக்கலாம். பக்கத்துக் குமிழை, கடையில் 'கீ' என்பார்கள், திருகத் திருக இறுகவே இல்லை, முடிவே இல்லாமல் சுற்றுகிறது என்றால் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கும், அல்லது அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி போயிருக்கும். பழைய எஃகு ஸ்பிரிங் உட்கார்ந்த இடத்தில் அறுவது சகஜம்தான். விநாடி முள் ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் சாயங்காலத்துக்குள் மணி அரைமணி நேரம் பின்தங்குகிறது என்றால் இயந்திரத்தில் கோளாறு இல்லை. நிமிஷ முள்ளைத் தாங்கும் கேனன் பினியன் தளர்ந்து வழுக்குகிறது. அதை இறுக்குவது சின்ன வேலை, இதற்காக முழு ஓவராயில் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். டயலை மேலே வைத்தால் ஓடுகிறது, திருப்பி வைத்தால் நிற்கிறது என்றால் கீழே விழுந்து பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடித் துடிக்கும் சக்கரம்) அச்சு முனை அடிபட்டிருக்கலாம். டயலில் 'பாராஷாக்' என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். அந்த அச்சு உட்காரும் கல்லைத் தாங்க ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கிறது, அடி அதில் அடங்கும். மொசைக் தரையில் நெஞ்சு உயரத்திலிருந்து விழுந்தால் அதுவும் எப்போதும் காப்பாற்றாது.

திடீரென்று ஒரு நாள் வாட்ச் பத்து இருபது நிமிஷம் முந்துகிறதா? காந்தம் ஏறியிருக்கும். அந்தக் காலத்தில் ரேடியோ ஸ்பீக்கர்தான் பயம். இப்போது வீடு முழுக்கக் காந்தம்: மொபைல் உறையின் மூடி, கைப்பை கிளிப், புளூடூத் ஸ்பீக்கர், பிரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மை. ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொண்டால் அதன் நீளம் குறைந்த மாதிரி ஆகும், துடிப்பு வேகமாகும். கடையில் காந்தம் நீக்கும் கருவியில் வைத்தால் சில விநாடியில் சரியாகிவிடும். இரவில் வாட்சைப் போன் பக்கத்தில் கழற்றி வைக்காதீர்கள்.

ஓடும் துல்லியம் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். நல்ல ஓவராயிலுக்குப் பின் ஒரு நாளைக்கு 20, 30 விநாடி முன்பின் என்றால் சந்தோஷப்படலாம். ஒரு நிமிஷத்துக்கு மேல் போனால் திருப்பிக் கொண்டுபோய் 'ரெகுலேட்' செய்யச் சொல்லுங்கள், அதாவது வேகத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். மலிவான பேட்டரி வாட்ச்கூட இதைவிடத் துல்லியமாக ஓடும். ரயிலைப் பிடிக்கப் போனைப் பாருங்கள். வேலைக்கு ஓடுகிறவருக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரிடையர் ஆனபின், காலை காபிக்கும் சாயங்கால நடைக்கும் நேரம் பார்க்கிறவருக்கு இது தாராளமாகப் போதும்.

சாவி கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. தினமும் ஒரே நேரத்தில், காலையில் கொடுப்பது நல்லது. கையில் கட்டியபடி கொடுக்கக்கூடாது. விரல் கீயைப் பக்கவாட்டில் இழுக்கும், தண்டு வளையும், நாளடைவில் அந்தத் துளை பெரிதாகி வியர்வை உள்ளே போகும். கழற்றி இடது கையில் பிடித்து, முன்னும் பின்னுமாக 25, 30 முறை. கை தடுக்கிற இடத்தில் நிறுத்திவிடலாம். முழுச் சாவிக்குச் சுமார் 40 மணி நேரம் ஓடும். ஒரு நாள் காலை மறந்தாலும் அன்று இரவு வரை உயிரோடுதான் இருக்கும், ஆனால் ஸ்பிரிங் தளர்ந்த நேரத்தில் கொஞ்சம் தப்பாக ஓடியிருக்கும்.

வயதானவர் கட்டுவதானால் யோசிக்க வேண்டியவை உண்டு. டயல் சிறிதானாலும் நெரிசல் இல்லாதது, வெள்ளை மேல் கறுப்பு, கண்ணாடி போடாமலே பகலில் மணி தெரியும். ரோமன் எண் போட்ட டயலைவிடச் சாதா எண் போட்டது கண்ணுக்குச் சுலபம். பெரும்பாலான ஜனதாக்களின் முள்ளில் ஒளிரும் பூச்சு கிடையாது, ராத்திரி எழுந்தால் லைட் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கீ மெல்லியது. விரல் மூட்டுகளில் வாதம் இருப்பவருக்குத் தினம் முப்பது திருகு என்பது நிஜமான சிரமம். கீ தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் பல் கூர்மையாக உள்ள வேறு கீ போடச் சொல்லலாம். அதுவும் முடியவில்லை என்றால், காலையில் பேப்பர் எடுத்துக் கொடுக்கிற கை யாருடையதோ அந்தக் கையிடம் இந்த வேலையையும் ஒப்படைத்துவிடுங்கள். ஸ்ட்ராப்பில், இழுத்தால் நீளும் ஸ்டீல் செயின் போட்டுக் கழற்றச் சுலபம், ஆனால் வயதான மெல்லிய தோலைக் கிள்ளும், முடியைப் பிடுங்கும். மெத்தென்ற தோல் ஸ்ட்ராப் நல்லது. பெரும்பாலும் 18 மி.மீ. அகலம் பொருந்தும், அளந்து வாங்கவும்.

பழைய ஸ்ட்ராப்பை மட்டும் எறிந்துவிடாதீர்கள். நடு ஓட்டை ஒன்று நீள்வட்டமாக விரிந்திருக்கும், அதுதான் வாட்சைக் கட்டியிருந்தவர் வேலைக்குப் போன காலத்து மணிக்கட்டு. அதற்கும் உள்ளே, வரிசையில் சேராமல், ஆணியால் குத்திய ஒரு ஓட்டை இருந்தால் அது கை மெலிந்த கடைசி வருஷங்களுடையது.

தண்ணீர் இதற்கு ஆகவே ஆகாது. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் வியர்வையே பெரிய எதிரி. கேஸின், அதாவது வெளிக்கூட்டின், பளபளப்பு வெறும் குரோம் முலாம், தோல் படும் இடத்தில் முதலில் உரிந்து பித்தளை தெரியும். சாயங்காலம் கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் பின்பக்கத்தைத் துடைப்பது ஒன்றே வைத்தியம். மழையில் நனைந்து கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அரிசியில் புதைக்க வேண்டாம், மாவுத்தூசிதான் சேரும். அன்றைக்கே கடையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். துரு பிடிக்கச் சில நாள் போதும். கண்ணாடியில் கீறல் விழுந்திருப்பது பெரிய விஷயமே இல்லை, அது பிளாஸ்டிக். வெள்ளை டூத் பேஸ்ட்டைப் பஞ்சில் எடுத்துப் பத்து நிமிஷம் வட்டமாகத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். கீ ஓரத்தில் ஈரம் படாமல் தேய்க்கவும்.

வீட்டில் இல்லாதவர்கள் ஆன்லைனில் வாங்கப் பார்க்கிறார்கள். அங்கேதான் ஏமாற்று அதிகம். கிளிப் பச்சை, கத்தரிப்பூ நிறம், ஆரஞ்சு என்று மினுக்கும் டயல்கள் பெரும்பாலும் பழைய டயலைச் சுரண்டிப் புதிதாக அச்சடித்தவை. படத்தைப் பெரிதாக்கி எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். அசல் அச்சு மெல்லியதாக, கூர்மையாக இருக்கும், மறுஅச்சில் எழுத்து தடித்து வழிந்திருக்கும். நிமிஷ முள்ளின் நுனி நிமிஷக் கோடுகளைத் தொட வேண்டும், பாதியிலேயே நின்றால் அது வேறு வாட்சின் முள். பின்மூடி திறந்த படம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். உள்ளே எச்.எம்.டி. முத்திரை இருக்கிறதா, கீ தண்டைச் சுற்றிச் செம்பழுப்புத் துரு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி முடிவாகிவிடும். பழுப்பேறிய, ஒன்றிரண்டு புள்ளி விழுந்த அசல் டயல், பளபளக்கும் மறுஅச்சைவிட எவ்வளவோ மேல்.

இதே காரணத்தால், குடும்பத்து வாட்சை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது "புதுசு மாதிரி ஆக்கித் தாங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள். நல்ல மனசோடுதான் அவர் டயலை மாற்றிவிடுவார், கேஸையும் பாலீஷ் போட்டுவிடுவார். நீங்கள் கொடுத்தது அப்பாவின் வாட்ச், திரும்பி வருவது ஏதோ ஒரு ஜனதா. "உள்ளே மட்டும் பாருங்க, வெளியே தொடாதீங்க, கழற்றிய பாகத்தையும் கொடுத்துடுங்க" என்று சொல்லி, டயலையும் பின்மூடியையும் அவர் கண் முன்னாலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்மூடி திறக்கும்போது அதன் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊசியால் கீறிய பொடி எழுத்தில் தேதிகள் தெரியலாம். ஓவராயில் செய்த ஒவ்வொரு வாட்ச்காரரும் மாதமும் வருஷமும் தன் அடையாளமும் கீறி வைக்கிற பழக்கம் அது. நாலைந்து வருஷத்துக்கு ஒன்றாக ஒழுங்காக இறங்கிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நின்றிருக்கும். இந்த முறை மூடுவதற்கு முன் அதன் கீழே இன்றைய தேதியையும் கீறிவிடச் சொல்லுங்கள்.