மீன் கூண்டுக்குப் பக்கத்தில் மட்டி: பயிற்சி சரி, எக்ஸெல் ஷீட்டை நம்பாதீர்கள்

கடலில் கூண்டு போட்டு மீன் வளர்ப்பவர்கள் பக்கத்திலேயே கயிறு கட்டி மஸ்ஸல் மட்டியும் வளர்த்தால் கட்டுபடியாகுமா என்று சொல்லித்தரும் ஆறு வார ஆன்லைன் பயிற்சியை இப்போதுதான் முடித்தேன். கூடவே வரவு செலவு போட ஒரு எக்ஸெல் ஷீட்டும் தருகிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது கடன் கேட்கப் போய்விடுவார்களோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

வீடியோ பாடங்கள் அருமை. மீன் விட்ட தீவனத் தூளும் எச்சமும் தண்ணீரில் கலப்பது, மட்டி அந்தத் தண்ணீரை வடிகட்டி நுண்துகளையும் பாசியையும் தின்பது, அதனால் அதற்குத் தனித் தீவனமே வேண்டாம் என்பது, எல்லாம் தெளிவாகப் புரிகிறது. கூண்டு மீனில் தீவனம்தான் பெரிய செலவு என்பதால் தீவனமில்லாத இரண்டாவது விளைச்சல் என்றாலே யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் ஷீட்டில் கூண்டுக்கு அருகே மட்டி 50 சதவீதம் கூடுதலாக வளரும் என்று முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் சால்மன், மஸ்ஸல், கெல்ப் என்ற பெரிய கடற்பாசி மூன்றையும் சேர்த்து வளர்த்த ஆய்வாளர் தியரி ஷோபான் குழுவினருக்கு ஏறக்குறைய அந்த அளவு கிடைத்தது உண்மைதான். ஆனால் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சால்மன் கூண்டருகே வளர்த்த மஸ்ஸலுக்கும் தள்ளி வளர்த்ததற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. பெரிய துகள்கள் நேராக அடியில் போய்விடும், மட்டியோ மேலே தொங்குகிறது. மிச்சத்தை நீரோட்டம் கொண்டுபோய்விடும். பாசி ஏற்கெனவே நிறைய இருக்கிற கடலில் மட்டிக்கு வயிறு நிறைந்துதான் இருக்கும், கூண்டின் கழிவு அதற்குப் பெரிதாக எதுவும் கூட்டாது. அந்தக் கட்டம் பூட்டியிருந்தது; பிறகு பூட்டு நீக்கிய ஷீட் கிடைத்ததும் அதில் பூஜ்யம் போட்டுத்தான் கணக்கைத் தொடங்கினேன்.

அப்படிப் போட்டாலும் லாபம் மறையவில்லை. உண்மையான மிச்சம் ஒரே படகு, ஒரே காவல், ஒரே உரிமம் பெற்ற இடம், ஒரே ஆட்கள் என்பதில் இருக்கிறது. அதற்கு ஷீட்டில் ஒரே ஒரு வரி, அதுவும் மூன்றாவது தாளில்! மட்டியைக் கயிற்றில் பிரித்துக் கட்டும் வாரமும் மீன் அறுவடையும் ஒன்றாக வந்தால் ஆள் பற்றாது, அந்த வரியும் பொய்யாகிவிடும். கயிறுகளைக் கூண்டுக்கு மிக நெருங்கப் போட்டால் நீரோட்டம் தடைபட்டு மீனுக்கு ஆக்சிஜன் குறையலாம் என்பதற்கும் இடமில்லை.

எனக்குக் கோபம் வந்தது நான்காம் வாரத்தில். நச்சுப்பாசி பெருகினால், அதைத் தின்னும் மட்டியில் நஞ்சு சேரும் என்பதால் மட்டி அறுவடையை நிறுத்தச் சொல்வார்கள், அப்போதும் மீன் விற்கலாம், மட்டிப் பணம் மட்டும் நின்றுபோகும் என்று ஆசிரியர் நன்றாகவே விளக்குகிறார். ஷீட்டில் ஒரு வாரம்கூட அறுவடை நிற்பதில்லை. மட்டியை அறுவடை செய்யும்போது அதன் உடலிலுள்ள நைட்ரஜனும் கடலைவிட்டு வெளியேறுகிறது என்று அதற்கான வருமானமோ தாராளமாக வருகிறது. ஒரு கிலோ மட்டியில் சுமார் 10 கிராம் நைட்ரஜன் இருப்பது சரிதான், ஸ்வீடனின் லீசெஷில் நகராட்சி ஒரு காலத்தில் அதற்குப் பணமும் கொடுத்தது. உங்களுக்குக் கொடுக்க யாராவது ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களா? இல்லையென்றால் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

அப்புறம், மீன் விலை விழுந்தால் மட்டி காப்பாற்றும் என்று முதல் வாரத்திலேயே சொல்கிறார்கள். சால்மனையும் மஸ்ஸலையும் சேர்த்து வளர்ப்பது பற்றி 2006-இல் வந்த ஓர் ஆய்வில், தனித்தனியாக வளர்ப்பதைவிடச் சேர்த்து வளர்ப்பதற்கு நிகர மதிப்பு அதிகம். ஆனால் அதே ஆய்வின்படி சால்மன் விலை ஆண்டுக்கு 2 சதவீதம் குறைந்துகொண்டே போனால் முதலீடே கட்டாது. கணக்கைத் தீர்மானிப்பது மீன்தான்.

இதையெல்லாம் எழுதிக் கேட்டேன். இரண்டு நாளில் மரியாதையாகப் பதில் வந்தது, பூட்டு நீக்கிய ஷீட்டும் அனுப்பினார்கள். பயிற்சி வாங்குபவர்கள் முதல் நாளே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பூட்டிய ஷீட்டில் அந்த 50-ஐ மாற்றவே முடியாது.