ஸ்லைஸ் போய்விடும் என்று ஜம்போ கிரிப்பைத் தலையில் கட்டினார்கள்

சென்னையில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் கவனத்துக்கு: கையை அளந்து பார்க்காத கடையில் கிளப்புக்குக் கிரிப் (கைப்பிடி ரப்பர்) மாற்றக் கொடுக்காதீர்கள்.

பந்து வலப்பக்கமாக வளைந்து ஓடுகிறது, அதாவது ஸ்லைஸ் ஆகிறது என்று சொன்னேன். கடைக்காரர் என் கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கிரிப் ஒல்லியா இருக்கு சார், ஜம்போ போட்டா ஸ்லைஸ் நின்னுடும்" என்றார். குழிக்குள் பந்தை உருட்டிவிடும் புட்டர் (putter) தவிர 13 கிளப்புக்கும் மாற்றி, ஒன்றுக்கு 1,600 வீதம் 20,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில்லில் கிரிப்பின் பெயரும் இல்லை, அளவும் இல்லை.

சொன்னது அப்படியே தலைகீழ். தடித்த கிரிப்பில் மணிக்கட்டு சுழல்வது குறையும் என்பதால், பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிற 'ஹூக்' ஆட்டக்காரர்களுக்குத்தான் வழக்கமாக அதைச் சொல்வார்கள். நமக்கு மாட்டினால்? முன்பு ஓரத்துப் புல்லில் விழுந்த பந்து இப்போது மரத்துக்குள் போகிறது. கிரிப்பின் எடையும் கூடிவிட்டதால் மறுமுனையில் கிளப் தலை இருப்பதே கைக்குத் தெரிவதில்லை.

அளப்பது ஒரு நிமிட வேலை. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை 7 முதல் 8¾ அங்குலம் என்றால் ஸ்டாண்டர்ட். அதற்கு மேல் மிட்சைஸ். 9¼ தாண்டினால்தான் ஜம்போ. என் கை ஏழரை! பிடித்தும் பார்க்கலாம்: வலக்கைக்காரர் என்றால், இடக்கை நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கை மேட்டை லேசாகத் தொட வேண்டும். அழுத்திக் குத்தினால் கிரிப் ஒல்லி, தொடவே இல்லையென்றால் தடிமன். கொஞ்சம் தடிப்பு மட்டும் போதும் என்றால் உள்ளே ஒரு சுற்று டேப் கூடுதலாகச் சுற்றினாலே 1/64 அங்குலம் ஏறும். ஆனால் டேப்பில் என்ன லாபம் அவர்களுக்கு?

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். நீண்ட தூரம் அடிக்கிற டிரைவர் கிளப் விஷயம்தான் வயிற்றெரிச்சல். வேறு இடத்தில் ஜம்போவைக் கழற்றியபோது, கிராஃபைட் ஷாஃப்ட்டின் (கிளப்பின் தண்டு) மேல் நீளவாக்கில் வெள்ளையாக ஒரு கீறல், நகம் மாட்டுகிற ஆழத்தில். பழைய கிரிப்பைச் சாதாரணக் கட்டரால் அறுத்திருக்கிறார்கள். கிராஃபைட்டில் கொக்கி போன்ற பிளேடை வைத்து, ரப்பரை மட்டும் வெளிப்பக்கமாகக் கிழித்து எடுக்க வேண்டும். நார் அறுபட்ட ஷாஃப்ட் வேகமாக வீசும்போது ஒடியலாம், மாற்றிவிடுங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

முதல் கடைக்குப் படத்தை அனுப்பினேன். "முன்னாடியே இருந்திருக்கும் சார்" என்றார்கள். ஷாஃப்ட் விலையைக் கேட்டால், ஓனர் ஊரில் இல்லையாம்.