எஃபெக்ட் ஃபில்டர் செட்: எந்தக் கண்ணாடி பையில் இருக்க வேண்டும்?

கேமராவில் விதவிதமான எஃபெக்ட்டுகளை முயன்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது, லென்ஸின் முன் மாட்டும் கண்ணாடிகளை ஒரே உறையில் அடுக்கி விற்கும் ஃபில்டர் செட்தான். ஒரு வேரியபிள் என்டி, ஒரு மிஸ்ட், ஒரு ஸ்டார், நாலு குளோஸ்-அப் கண்ணாடிகள், பாதிக்கு நிறம் ஏற்றிய கிரேடுவேட்டட் ஃபில்டர்கள் இரண்டு மூன்று, சில செட்டுகளில் ஒரு பிரிசம். இதை மொத்தமாக வாங்காதீர்கள் என்பதே எங்கள் தீர்ப்பு. அதிலுள்ள இரண்டு மூன்று வகைகளை மட்டும் தனித்தனியாக, நல்ல தரத்தில் வாங்குங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பார்க்க ஒரே கேள்வி போதும். இந்தக் கண்ணாடி செய்யும் வேலையைப் படம் எடுத்த பிறகு மென்பொருளில் செய்ய முடியுமா? முடியும் என்றால் கண்ணாடி தேவையில்லை. அந்தக் காலத்தில் நிலைமை வேறு. 1978-ல் கோக்கின் நிறுவனம் தன் சதுர ஃபில்டர்களைக் கொண்டுவந்தபோது, வானத்தை ஆரஞ்சாக்கவும் விளக்கை நட்சத்திரமாக்கவும் ஃபிலிம்காரர்களுக்கு எளிய வழி அதுதான். இன்று சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும், பிறகு விருப்பப்படி திருத்தக்கூடிய ரா ஃபைல் கையில் இருக்கிறது. ஆனாலும் சென்சாரில் ஒளி விழுவதற்கு முன்பே நடந்தாக வேண்டிய வேலைகள் சில மிச்சம் இருக்கின்றன.

அதில் முதலாவது என்டி. ஒளியின் அளவை மட்டும் குறைக்கும் சாம்பல் நிறக் கண்ணாடி இது. பெயரிடும் முறைதான் புதியவர்களைக் குழப்பும். என்டி8 என்றால் ஒளி எட்டில் ஒரு பங்காகும், அதாவது 3 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்). சில உறைகளில் இதையே 0.9 என்று அச்சிட்டிருப்பார்கள், ஒரு ஸ்டாப்புக்கு 0.3 என்ற கணக்கில். என்டி64 என்பது 6 ஸ்டாப், 1.8. என்டி1000 என்பது 10 ஸ்டாப், 3.0. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு 6 ஸ்டாப் ஒன்றும் 10 ஸ்டாப் ஒன்றும் இருந்தால் ஏறக்குறைய எல்லாம் ஆகும்.

அருவியை எடுத்துக்கொள்வோம். நீர் பட்டுநூல் போல இழையிழையாக விழ வேண்டும் என்றால் ஷட்டர் கால் நொடி முதல் ஒரு நொடி வரை திறந்திருந்தால் போதும். ஃபில்டர் இல்லாமல் கேமரா 1/125 நொடி காட்டும் காட்சியில் 6 ஸ்டாப் போட்டால் அரை நொடி வரும். அங்கே 10 ஸ்டாப் போட்டால் 8 நொடியாகிவிடும். இழைகள் எல்லாம் கரைந்து வெறும் வெள்ளைப் பட்டையாக நிற்கும். 10 ஸ்டாப் கடலுக்கும் மேகத்துக்கும் உரியது. 1/15 காட்டும் மாலை வெளிச்சம் 68 நொடியாக நீளும், அலை முழுவதும் பனி மூட்டமாகப் படியும். ஷட்டரை மெதுவாக்க லென்ஸின் துளையை எஃப்/22 வரை சுருக்குவது தவறான வழி. டிஃப்ராக்‌ஷனால் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால்) படம் முழுக்க மழுங்கும், சென்சாரில் உள்ள தூசு எல்லாம் கரும்புள்ளியாகத் தெரியும்.

10 ஸ்டாப் போடும்போது வேலையின் வரிசை முக்கியம். டிரைபாடில் ஃபிரேம் அமைத்து, ஃபோகஸ் பிடித்து, உடனே மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஒரு படம் எடுத்து ஷட்டரைக் குறித்துக்கொண்டு, அதை 1000-ஆல் பெருக்குங்கள். பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் ஃபில்டரைத் திருகுங்கள். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் நிலைப்படுத்தியை அணையுங்கள். 30 நொடியைத் தாண்டினால் பல்ப் மோடும் (பொத்தானை விடும்வரை ஷட்டர் திறந்திருக்கும் அமைப்பு) ரிமோட்டும் தேவைப்படும். உள்ளிருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி வழியே காட்சியைக் காட்டும் டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரைத் துணியால் மூடுங்கள். பின்பக்கத்திலிருந்து கசியும் ஒளி படத்தின் நடுவில் வெளிறிய பட்டையாக விழும். பலர் லென்ஸைக் குறை சொல்வது இதனால்தான். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் (புள்ளிப்புள்ளியான நாய்ஸைக் குறைக்கும் அமைப்பு) இயக்கத்தில் இருந்தால், 68 நொடிப் படத்துக்குப் பிறகு கேமரா இன்னொரு 68 நொடி எதுவும் செய்ய விடாது. பழுது என்று பதற வேண்டாம்.

மலிவான 10 ஸ்டாப்பின் பெரிய குறை நிறம். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பை உள்ளே விட்டுவிடும். நீண்ட எக்ஸ்போஷரில் அது சேர்ந்து, நிழல்களிலும் கருப்புத் துணிகளிலும் செம்பழுப்பாகத் தெரியும். ஒயிட் பேலன்ஸைத் திருத்தினால் வெள்ளை சரியாகும், நிழல் சரியாகாது. ‘ஐஆர்’ தடுப்பு உண்டு என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கும் ஃபில்டரையே வாங்குங்கள். ஒரே சீரான நீலச் சாயல் என்றால் கவலையில்லை, ரா ஃபைலில் ஓர் இழுப்பில் போய்விடும்.

ஃபில்டரே இல்லாமல் மென்பொருள் இங்கே ஓரளவு போட்டி போடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டிரைபாடில் கால் நொடியில் 16 படங்களைத் தொடர்ந்து எடுத்துச் சராசரி கண்டால், அருவி 4 நொடிப் படத்துக்கு மிக அருகில் வரும், நாய்ஸும் குறையும். ஆனால் நகரும் வாகன விளக்குகளில் இது தோற்கும். இரண்டு படங்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளியில் ஒளிக்கோடு விட்டுவிட்டு வரும்.

செட்டில் வரும் என்டி பெரும்பாலும் வேரியபிள் வகை. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முன்னதைத் திருப்பி ஒளியைக் குறைக்கும் ஏற்பாடு. ‘2 முதல் 400 வரை’ என்று எழுதியிருந்தால் நம்பி இறங்காதீர்கள். கடைசிப் பகுதிக்கு வரும்போது படத்தின் குறுக்கே கரிய எக்ஸ் வடிவம் விழும். ஏறக்குறையக் குறுக்காக நிற்கும் போலரைசர்கள் வழியே சாய்ந்து வரும் கதிர்கள் ஒரே அளவில் தடுக்கப்படாததால் வருவது இது. வைட் ஆங்கிளில் முன்னதாகவே தெரியும், தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் டெலியில் தாமதமாகத் தெரியும். 2 முதல் 5 ஸ்டாப் வரை மட்டும் போய், அதற்கு மேல் திரும்பாதபடி தடை வைத்த வகை இந்தக் குறையிலிருந்து பெரும்பாலும் தப்பிக்கிறது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: முன் வளையத்தைத் திருப்பும்போது போலரைசரின் கோணமும் மாறுகிறது. ஆகவே வெளிச்சத்தைச் சரிசெய்யும் அதே நேரத்தில் நீரின் பளபளப்பும் வானத்தின் கருமையும் தாமாக மாறும். பனோரமா எடுக்கவே கூடாது, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

வீடியோவுக்கு இதுவே வசதி. 25 ஃபிரேமில் 1/50 ஷட்டரை மாற்றாமல், மேகம் வரப்போக வளையத்தை மட்டும் திருப்பலாம். நண்பகலில் ஃபிளாஷ் வைத்து எஃப்/2-ல் முகம் எடுப்பவருக்கும் இது உதவும். ஐஎஸ்ஓ 100-ல் உச்சி வெயிலுக்கு எஃப்/16, 1/100 என்றால், எஃப்/2-க்கு 1/6400 வேண்டும். ஃபிளாஷோடு இணைந்து இயங்கும் ஷட்டர் வேகம் 1/200-லேயே நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், இடையிலுள்ள 5 ஸ்டாப்பை என்டி32 சரியாக நிரப்பும்.

இரண்டாவது, மிஸ்ட். இதை ‘படத்தை மங்கலாக்கும் கண்ணாடி’ என்று ஒதுக்குவது நியாயமில்லை. இரவில் எரியும் மேஜை விளக்கையும் அதன் கீழே கிடக்கும் வெள்ளைத் தாளையும் எண்ணிப் பாருங்கள். கொஞ்சம் கூடுதலாக எக்ஸ்போஸ் செய்தால் படத்தில் இரண்டுமே உச்ச அளவான 255 என்ற ஒரே வெள்ளைதான். உண்மையில் பல்பு தாளைவிடப் பல மடங்கு பிரகாசம். மென்பொருளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இரண்டுக்கும் ஒரே அளவு ஒளிவட்டம் போடும், தாளும் விளக்காகிவிடும். மிஸ்ட் கண்ணாடி, சென்சார் நிறைந்து வழிவதற்கு முன்பே உண்மையான ஒளியைச் சிதறடிக்கிறது. ஆகவே பல்பைச் சுற்றி அகலமான வட்டம் வரும், தாள் தாளாகவே இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இதற்குப் பையில் இடம் உண்டு.

அளவைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். டிஃபென் நிறுவனத்தின் பிளாக் புரோ-மிஸ்ட் 1/8, 1/4, 1/2 என்று ஏறும். ஒரே ஃபில்டர் 35 மி.மீ.-யில் காட்டும் விளைவைவிட 85 மி.மீ.-யில் கூடுதலாகக் காட்டும். 35-க்கு 1/4 அழகாக இருந்தால் 85-க்கு 1/8 போதும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1/8 வாங்குங்கள். அதிகமானதைப் பிறகு குறைக்க வழியில்லை. பெயரில் ‘பிளாக்’ உள்ள வகைகளில் நுண்ணிய கரும்புள்ளிகள் இருக்கும், நிழல் அதிகம் வெளிறாமல் காப்பது அவைதான். அதே புள்ளிகள் வைட் ஆங்கிளில் எஃப்/11-க்கு மேல் மூடும்போது படத்தில் அழுக்குப் போலத் தெரியலாம், பின்னணியில் மங்கித் தெரியும் பொக்கே ஒளிவட்டங்களுக்குள்ளும் பதியலாம். ஃபிரேமுக்கு வெளியே இருந்து பக்கவாட்டில் வெயில் அடித்தால் மொத்தப் படமும் பால் ஊற்றியதாகிவிடும், கையால் லென்ஸுக்கு நிழல் கொடுங்கள்.

ஸ்டார் ஃபில்டரை விட்டுவிடலாம். இருக்கும் லென்ஸை எஃப்/16-க்கு மூடினாலே விளக்குகள் நட்சத்திரமாகும். லென்ஸின் துளையை மூடும் அப்பர்ச்சர் பிளேடு இரட்டைப்படை என்றால் அத்தனை கதிர், ஒற்றைப்படை என்றால் அதன் இருமடங்கு. 7 பிளேடுக்கு 14. நிறக் கிரேடுவேட்டட்டும் வேண்டாம், அடிவானத்தில் நிற்கும் மரத்தின் தலையையும் சேர்த்து நிறமாக்கும். குளோஸ்-அப் கண்ணாடிகள் ஒற்றை லென்ஸ் என்பதால் ஓரங்களில் ஊதா விளிம்பு வரும். +4 போட்டு லென்ஸை முடிவிலியில் வைத்தால் 25 செ.மீ.-யிலும், +10-க்கு 10 செ.மீ.-யிலும் ஃபோகஸ் நிற்கும். எஃப்/8-க்கு மூடினால் ஓரளவு தேறும். மிக நெருக்கமான படங்களில் இறங்க நினைப்பவர் ரேநாக்ஸ் டிசிஆர்-250 போன்ற நிறப்பிழை திருத்திய கண்ணாடிக்குப் போவது மேல்.

பிரிசம் மட்டும் விதிவிலக்கு. 50 மி.மீ. அல்லது அதற்கு மேல், எஃப்/2.8-க்குள், லென்ஸை ஒட்டிப் பிடித்தால் எதிர்பாராத பிரதிபலிப்பு ஃபிரேமுக்குள் கரைந்து வரும். எஃப்/8-ல் பிரிசத்தின் விளிம்பு கோடாகத் தெரிந்து மாயம் கலைந்துவிடும். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித் தவிக்கும், மேனுவலில் எடுங்கள்.

அளவு விஷயத்தில், உங்களிடம் உள்ள மிகப் பெரிய லென்ஸுக்கு, பெரும்பாலும் 77 அல்லது 82 மி.மீ., ஃபில்டர் வாங்கி, சிறியவற்றுக்கு ஸ்டெப்-அப் ரிங் போடுங்கள். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் அளவுக்கு வாங்கினால் அடுத்த லென்ஸ் வந்ததும் எல்லாம் வீண். ரிங் பித்தளையாக இருக்கட்டும். அலுமினியம் அலுமினியத்தோடு இறுகிக் கடித்துக்கொள்ளும். இறுகிவிட்டால் விரல்களால் அழுத்திப் பிடிக்காதீர்கள், வளையம் நெளிந்து இன்னும் இறுகும். சுற்றிலும் அகலமான ரப்பர் பேண்டைப் போட்டு, உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் திருப்பினால் வந்துவிடும்.

வந்த அன்றே சோதியுங்கள். ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் பூட்டி, வெள்ளைச் சுவரை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்து நிறத்தையும் ஓரக் கருமையையும் ஒப்பிடுங்கள். ஷட்டரைக் கணக்குப்படி நீட்டியும் ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) அதே இடத்தில் வரவில்லை என்றால், அச்சிட்ட ஸ்டாப் எண் தவறு. சில ஃபில்டர்களில் அரை ஸ்டாப்புக்கு மேல் விலகும், அந்த அளவைச் சட்டத்தில் எழுதி ஒட்டிக்கொண்டால் போதும். அடுத்து டெலி லென்ஸில் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை எடுத்து எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். வேரியபிளில் எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் நடுவிலுள்ள ஃபிலிம் சமதளமாக ஒட்டப்படவில்லை. அது எந்த அமைப்பிலும் சரியாகாது, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்புங்கள்.