தெருவோரப் பையா, கடைப் பையா?

பாடநூல் 1980 முதல் இலவசம், சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. கையைக் கடிப்பது கொப்பியும் புத்தகப்பையும்தான். மகளுக்குப் பையை மட்டக்களப்பு நகரில் தெருவோரம் வாங்குவதா, கல்லடிப் பாலம் தாண்டிக் காத்தான்குடியில் கடை ஏறி வாங்குவதா?

தெருவோரப் பை பாதி விலை, படமும் அவளுக்குப் பிடித்தது. ஆனால் போன ஜனவரி மாரி மழையில் அப்படியொரு பையின் அடித்தையல் விட்டு, கணிதக் கொப்பியில் மை ஊறி, வாய்ப்பாடெல்லாம் நீலக்குளம்.

கடைப் பை கொஞ்சம் கனம். விலை கேட்டதும் மனுசி பார்த்த பார்வை வேறு! உள்ளே கைவிட்டுத் தையலை இழுத்தேன், அசையவில்லை. சரி, அதையே எடுத்தேன்.

கொப்பிக்கு இந்த யோசனை வேண்டாம். நகரிலேயே டசினாக மலிவாக வாங்கலாம், பிரவுன் தாளில் உறை போட்டால் எதுவென்று தெரியவா போகிறது?